நிறைவேற்றப்பட்டது

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு மூன்று பெயர்கள் உண்டு. தாத்தா கடைசிவரை அதை 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு அது 'யூனியன் ஸ்கூல்'. நான் படிக்கும்போது 'கவர்மெண்ட் ஸ்கூல்' ஆகிவிட்டிருந்தது. அதே ஓட்டுக் கட்டடம், அதே வேப்பமரம், மழை வந்தால் ஒழுகும் அதே மூலை. மூன்று தலைமுறையும் ஒரே இடத்தைத்தான் சொன்னோம், வேறு வேறு பெயரில். இது ஏன் என்று எனக்கு வெகுநாள் தோன்றவே இல்லை. ஒரு கிராம சபைக் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

2022 அக்டோபர் 2. வேலைக்காக வெளியூரில் இருப்பவன், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். கூட்டம் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில். பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். முதலில் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. பேச்சு தொடங்குமுன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊராட்சிச் செயலர், ஊரில் இன்னமும் 'கிளார்க்'தான், தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்தார்.

ஏழாவதோ எட்டாவதோ தீர்மானம்: பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி செய்து தருமாறு சம்பந்தப்பட்ட துறையைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.

"போன தடவையும் இதத்தான படிச்சீங்க?" என்றார் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பாட்டி.

"ஆமா பாட்டி. போன தடவையும் நிறைவேறிடுச்சு, அதுக்கு முந்தியும் நிறைவேறிடுச்சு. இது மூணாவது."

"நிறைவேறிடுச்சுன்னா தண்ணி வருதா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. "எம் பேத்தி அஞ்சாப்பு படிக்கிறா. காலைலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. ஏன்டின்னா, குடிச்சா ஒண்ணுக்கு வரும் ஆயாங்கிறா. இத எந்த நோட்டுல எழுதுவீங்க?"

கிளார்க் சங்கடமாக நெளிந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த தீர்மானப் புத்தகத்தில் அந்த வாக்கியத்தை எழுத மட்டுமே இடமிருந்தது. கழிப்பறை கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, தண்ணீர்க் குழாய் ஊராட்சியின் பொறுப்பு, பிள்ளைகள் கல்வித் துறையின் பொறுப்பு என்று பொறுமையாக விளக்கினார். பாட்டி கேட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் டீ வந்தது.

அன்று இரவு என் மண்டையைக் குடைந்தது அந்த ஒரு சொல். தமிழில் ஒரு தீர்மானத்தை ஒரு சபை ஏற்றுக்கொண்டாலும் 'நிறைவேறியது' என்கிறோம். ஒரு வேண்டுதல் பலித்தாலும், ஒரு வேலை முடிந்தாலும் 'நிறைவேறியது' என்கிறோம். கிளார்க் முதல் பொருளில் சொன்னார். பாட்டி இரண்டாம் பொருளில் கேட்டார். இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நம் ஊர்களில் எந்தத் தீர்மானமாவது அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறதா? கடந்தது என்றால் எப்படிக் கடந்தது?

*

உள்ளாட்சி என்றதும் நாம் எல்லோரும் ஓடுகிற முதல் இடம் உத்திரமேரூர். நானும் ஓடினேன். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறை. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னைச் சோதிக்க ஒரு வாரியம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. இந்த ஒரு விதி இன்று இருந்தால் எத்தனை ஊராட்சிகளில் எத்தனை வேட்பாளர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பதற்கு, விவரம் அறியாத ஒரு சிறுவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். எதையும் ஒளிக்கவில்லை என்று சபை பார்க்க வேண்டும் அல்லவா! ஏமாற்று எப்படியெல்லாம் நடக்கும் என்பதை நன்றாக அறிந்தவர்கள்தான் இந்த விதியை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். பெண்கள் இல்லை. உழுதவர்கள் இல்லை. கேள்வி கேட்ட எங்கள் ஊர்ப் பாட்டி அந்தச் சபையின் வாசல்வரைகூடப் போயிருக்க முடியாது. கணக்குக் கேட்கத் தெரிந்த சபைதான். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டிருந்தது. உத்திரமேரூரைப் பற்றிப் பெருமைப்படுகிற மேடைகளில் இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

*

தாத்தாவின் 'போர்டு ஸ்கூல்' என்ற சொல் வேறொரு கதையிலிருந்து வருகிறது. 1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றி ஒரு தீர்மானத்தை வெளியிட்டார். சாலை, தண்ணீர், துப்புரவு, பள்ளிக்கூடம் போன்ற அந்தந்த ஊர்க் காரியங்களை அந்தந்த ஊர் ஆட்களே பார்க்கட்டும் என்பது அதன் சாரம். 1884-ல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி போர்டுகளுக்கான சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, வட்டத்துக்குத் தாலுகா போர்டு, அதற்கும் கீழே யூனியன். இந்த போர்டுகள் நடத்திய பள்ளிகள்தான் போர்டு ஸ்கூல்கள். சென்னையில் இன்று நாம் பார்க்கும் வெள்ளை நிற ரிப்பன் கட்டடம் 1913-ல் திறக்கப்பட்டது. அந்தப் பெயரும் அவருடையதுதான்.

போர்டில் உட்கார்ந்தவர்கள் யார்? வரி கட்டுபவர்களுக்குத்தான் ஓட்டு. எனவே நிலமும் கடையும் வக்கீல் தொழிலும் உள்ளவர்கள். பள்ளிக்கூடத்தை எந்தத் தெருவில் வைப்பது என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்தார்கள். அக்ரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் ஊர்த் தெருவிலும் வைக்கப்பட்ட பள்ளிகளுக்குள் சேரிப் பிள்ளைகள் வர முடியவில்லை. 'எல்லோருக்கும் பொதுவான பள்ளி' என்று காகிதத்தில் இருக்கும். அந்தப் பள்ளிக்குப் போகிற தெரு பொதுவாக இருக்காது. எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் திரும்பத் திரும்ப இதைத்தான் பேச வேண்டியிருந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. சட்டசபை அதை ஏற்றது, அரசும் ஆணை போட்டது. நிறைவேற்றப்பட்டது.

பொதுக் கிணறு இன்று எத்தனை ஊரில் உண்மையிலேயே பொது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சீனிவாசனின் தீர்மானம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் கேட்க முடிந்தது. கேட்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். ஆனால் காகிதம் மட்டும் தண்ணீர் இறைக்காது.

*

தேடிக்கொண்டே போகும்போதுதான், சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருந்த ஒரு தீர்மானம் கிடைத்தது. அதை நான் பள்ளியிலேயே ஒரு வரியாகப் படித்திருக்கிறேன்: 'இந்தியாவில் முதன்முதலாக மதிய உணவு தந்தது நீதிக் கட்சி.' பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்த வரி.

1920. சென்னை மாநகராட்சிக் கவுன்சில். தலைவர் பி. தியாகராய செட்டியார். நீதிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், தி. நகர் என்று நாம் சுருக்கிவிட்ட பெயருக்குச் சொந்தக்காரர். ரிப்பன் கட்டடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் விளக்கு. அங்கே ஒரு மாநகராட்சிப் பள்ளி. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கவுன்சில் ஒப்புக்கொண்டது. பள்ளிக்கு வருபவர்கள் மிகவும் ஏழைகள், அந்த ஏழ்மையால் பள்ளியில் சேர்க்கை பாதிக்கப்படுகிறது என்பது தியாகராயர் சொன்ன காரணம்.

ஒரு அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

இந்தத் தீர்மானத்தை எங்கள் ஊர்த் தீர்மானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் தீர்மானம் 'சம்பந்தப்பட்ட துறை' என்கிறது. எந்தத் துறை? 'தண்ணீர் வசதி' என்கிறது. எவ்வளவு குழாய், எத்தனை ரூபாய்? 'கேட்டுக்கொள்வது' என்கிறது. யார், யாரை, எப்போது? 1920-ன் தீர்மானத்தில் ஒரு பள்ளியின் பெயர் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்ற தொகை இருக்கிறது. கொடுக்கப்போவது யார் என்பதில் குழப்பமே இல்லை, கவுன்சில்தான். அது யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. தானே செய்தது.

இன்னொன்றும் கவனித்தேன். தியாகராயர் பசியைப் பற்றி உருக்கமாகப் பேசி வாதாடியதாக நமக்கு ஒரு கற்பனை இருக்கலாம். பதிவாகியிருக்கும் காரணம் மிகவும் வறட்சியானது: பிள்ளைகள் ஏழைகள், பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒருவர் பசியைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆசிரியர் ஒருவர் 'ஆப்சென்ட்' என்று போட்ட குறி, கவுன்சில் மேசையில் ஒரு கூட்டப் பொருளாக மாறியிருக்கிறது. உள்ளாட்சி என்பதன் முழு அர்த்தமும் எனக்கு அதுதான் என்று இப்போது படுகிறது. டெல்லியிலிருந்து பார்த்தால் ஆயிரம் விளக்கில் ஒரு வகுப்பறை பாதி காலியாக இருப்பது தெரியாது. கோட்டையிலிருந்து பார்த்தாலும் தெரியாது. நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரு சபைக்குத்தான் அது தெரியும், அதுவும் பார்க்க மனசிருந்தால்.

ஆயிரம் விளக்கில் தொடங்கியது பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-ல் 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள். இரண்டே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கூடுதல் 860 பேரில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இப்போது கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகளாகச் சென்னையில் எத்தனையோ வீடுகளின் சுவரில் புகைப்படமாக இருப்பார்கள்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

அதே 1920-ல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கல்விக்கென்று தனி வரி விதிக்கலாம், கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம் என்றது. மாவட்டந்தோறும் கல்விக் கவுன்சில்கள் உருவாயின. தொடக்கக் கல்விக்கென்று தனி நிதி. கேட்க நல்ல செய்திதான். ஆனால் சிற்றுண்டிச் செலவை அந்தத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது. 1925-ல் திட்டம் நின்றது. தியாகராயர் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஒரு கணக்குத் தலைப்பு! அவ்வளவுதான். பெரிய எதிர்ப்பு ஊர்வலமோ கலவரமோ இல்லை. 'கல்வி நிதி கல்விக்கு' என்பதுதான் வாதம். கரும்பலகை கல்வி, பெஞ்சு கல்வி, வாத்தியார் சம்பளம் கல்வி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் வயிறு கல்வி இல்லை. தணிக்கைப் பார்வையில் அது தவறே இல்லாத வாதம். அதனால்தான் அது அவ்வளவு பலமாக இருந்தது. ஒரு தீர்மானத்தில் தொகையும் இடமும் இருந்தால் அது நடக்கும் என்று சற்று முன்பு சொன்னேன். அதைக் கொல்வதும் அதே இடத்தில்தான் நடக்கும். எந்த நிதி, எந்தத் தலைப்பு என்ற கேள்வியில்.

இதைப் படித்தபோது எங்கள் கிளார்க்தான் நினைவுக்கு வந்தார். கட்டடம் ஒன்றியம், குழாய் ஊராட்சி, பிள்ளைகள் கல்வித் துறை. நூறு வருடமாக ஒரு பிள்ளையின் உடம்பைத் துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

உணவு திரும்பி வந்தது, ஆனால் வேறு இடத்திலிருந்து வந்தது. 1950களின் நடுவில் காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் வந்தபோது செலவில் ஒரு பங்கை அந்தந்த ஊர் தர வேண்டியிருந்தது. அதை ஒட்டி 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் ஆட்கள் கூடி, பெஞ்சு தருகிறேன், சுவர் கட்டித் தருகிறேன், கடிகாரம் தருகிறேன் என்று பெயர் கொடுத்தார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு அணா சிற்றுண்டி, மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாக வளர்ந்தது. கல்வி நிதியில் சாப்பாட்டுக்கு இடமில்லை என்று இன்று ஒரு ஆள் சொன்னால் ஊரே சிரிக்கும். 1925-ல் அந்த வாதம்தான் வென்றது.

ஆனால் திட்டங்கள் பெரிதாக ஆக, முடிவெடுக்கும் அறை ஊரைவிட்டுத் தள்ளிப்போனது. பள்ளியின் மூன்று பெயர்களுக்கும் விளக்கம் இங்கேதான் கிடைத்தது. தாலுகா போர்டுகள் 1934-ல் கலைக்கப்பட்டன. 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளும் போய், பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. போர்டு ஸ்கூல் யூனியன் ஸ்கூல் ஆனது. 1981-ல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரிய விடுதலை. சம்பளம் நேரத்துக்கு வந்தது, உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை. யூனியன் ஸ்கூல் கவர்மெண்ட் ஸ்கூல் ஆனது. தாத்தாவும் அம்மாவும் நானும் ஒவ்வொரு காலத்து எசமானின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஊர் பேசுவதற்கென்று இருந்த அறையோ பல சமயம் பூட்டியே கிடந்தது. தமிழ்நாட்டில் 1970-ல் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1986-ல். அதற்கடுத்தது 1996-ல், அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் வந்து, 1994-ல் மாநிலம் புதிய ஊராட்சிச் சட்டம் போட்ட பிறகு. கிராம சபை சட்டப்படியான சபை ஆனது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன.

அதன் விலையும் உடனே தெரிந்தது. மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30-ல் இன்னும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் 1996-லிருந்து 2006 வரை தலைவர் நாற்காலி நிரம்பவே விடப்படவில்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் படம் வெளியானதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தலைவர் தலித், பெண். அந்தக் கூட்டத்திலும் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டிருக்கும்.

உத்திரமேரூரில் உள்ளே வர முடியாதவர் இன்று உள்ளே வந்துவிட்டார். ஆனால் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆயிரத்து நூறு வருடத்தில் இவ்வளவு தூரம்தான் நடந்திருக்கிறோம் என்று சலித்துக்கொள்ளலாம். வந்துவிட்டாரே என்றும் சொல்லலாம். நான் நாளுக்கு ஒரு பக்கம் சாய்கிறேன்.

*

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அவர்கள்தான் எழுத வேண்டும். போர்டு ஸ்கூல் காலத்தில் வரி கட்டியவர் மட்டும் பேசிய விஷயத்தை இப்போது பிள்ளையைப் பெற்றவர் பேசலாம் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பள்ளிக் குழுவின் தலைவர் காலனித் தெருவைச் சேர்ந்த ஒரு அக்கா. அவரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்தான். அக்டோபர் கூட்டத்தில் அவரும் இருந்தார், பேசவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, 1920 கதையை அவரிடம் சொன்னேன். ஏதோ ஆராய்ச்சி செய்தவன் மாதிரி நீட்டி முழக்கினேன். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நாம எவ்ளோ ரூவான்னு போடணும், தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. வரலாறு தெரிந்த எனக்குக் குழாய் விலை தெரியாது. அக்காதான் ஊர்ப் பிளம்பரைக் கூட்டிவந்து, மேல்நிலைத் தொட்டி லைனிலிருந்து கழிப்பறைவரை காலடியால் அளக்க வைத்தார். தலைமையாசிரியை டீச்சர் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் அதை எழுதினார். ஒன்றிய ஓவர்சியரிடம் நான்கு தடவை நடந்து ஒரு எஸ்டிமேட் வாங்கினார்கள். எந்தத் தலைப்பில் கேட்பது என்ற கேள்வி வந்தபோது, வழி சொன்னது அந்த கிளார்க்தான். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம், அதில் போடலாம் என்றார். "இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்று அக்கா கேட்டதற்கு, "யாரும் கேக்கலையேம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவரிடம் தண்ணீர் கேட்டோமே தவிர, தலைப்பு கேட்டதில்லை.

2023 மே 1 கிராம சபையில் அக்கா எழுந்து நின்றார். பேப்பரைப் பார்த்துத் தடுமாறித்தான் வாசித்தார். பள்ளியின் பெயர், குழாயின் நீளம், ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, தொகை, எந்த மானியம், எந்த மாதத்துக்குள். பின்னாலிருந்து ஒருவர், "காலனிக்காரங்க பள்ளிக்கூடத்துக்கே எல்லாப் பணமும் போயிருச்சுன்னா மத்த தெருவுக்கு?" என்றார். பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள், குறைந்துகொண்டே வந்தாலும். அக்கா பதில் சொல்லவில்லை. பாட்டிதான், "உம் மவன் பொண்ணும் அங்கதான்யா படிக்கிறா" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. கிளார்க் எழுதினார். இந்த முறை 'கேட்டுக்கொள்வது' என்ற சொல் வரவில்லை. 'செய்வது' என்று எழுதினார். அக்கா எழுதும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஜூலைக்குள் என்று எழுதியது செப்டம்பரில் முடிந்தது. அதற்குள் பாட்டியின் பேத்தி ஐந்தாம் வகுப்பை முடித்து, பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்காக எழுந்த கேள்விக்கு வந்த பதில் அவளுக்குப் பிந்தி வந்த பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. அங்கே தண்ணீர் வருகிறதா என்று பாட்டியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தண்ணீர் வந்த அன்று அக்கா போன் செய்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம். குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள் போல.

"வந்துருச்சு தம்பி. நல்ல ஃபோர்ஸா வருது."

"சந்தோஷம்க்கா."

"பொம்பளப் புள்ளைங்க பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. அது எவ்ளோ ஆகும்னு விசாரிச்சிட்டேன். அடுத்த கூட்டத்துல வைக்கணும்."